குஜிலியம்பாறைக்கு மாவு கொண்டுபோன மின்சாரக் கார்

கார் வாங்கிய முதல் மாதம் நான் ரோட்டைப் பார்த்து ஓட்டியதைவிட அந்தச் சின்னத் திரையில் தெரிந்த சார்ஜ் எண்ணைப் பார்த்து ஓட்டியதுதான் அதிகம். நூறு என்று காட்டினால் வயிறு நிறைய சாப்பிட்ட மாதிரி இருக்கும். தொண்ணூற்றெட்டு ஆனதும் லேசாகப் பசி எடுக்கிற மாதிரி இருக்கும். எண்பதுக்கு இறங்கிவிட்டால், வந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிப்பேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு இரண்டு கிலோமீட்டர்தான்.

கவலைப்பட எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனாலோ என்னவோ, புதிதாக எது வந்தாலும் அது எனக்குப் புரியாத இடத்தில் என்னைக் கவிழ்த்துவிடும் என்றே தோன்றும். வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். வீடு பற்றி எரிந்தாலும், "வெளிச்சம் நல்லா இருக்குல்ல" என்று சொல்லக்கூடிய ஆள்.

நாங்கள் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு பெரிய கிரைண்டர்கள். நான் ஊறப்போடுவேன், அரைப்பேன், உப்புப் போட்டுக் கரைப்பேன். அவர் ஒரு பழைய வேனில் வாளிகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்குவார். பல வருசம் இப்படித்தான் ஓடியது. அப்புறம் அவருடைய முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. கிளட்சை மிதிக்கும்போது அவர் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டர், "கொஞ்ச நாளைக்கு வண்டிப் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. ஓட்டத்தான் தெரியாது. எப்போதோ டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்தவரே பாதிக் காரை ஓட்டி, வாங்கிக் கொடுத்த லைசென்ஸ் அது. வேனை எடுத்துப் பார்த்தேன். கிளட்சை விட்டால் நின்றுவிடும், விடாவிட்டால் நகராது. பின்னால் நிற்கிற பஸ்காரர் ஹாரனை அழுத்தினால், எனக்கு எந்தக் கால் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும். மூன்று நாள் முயற்சி செய்துவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினேன்.

அப்போதுதான் அவர் இந்த மின்சாரக் காரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஏ புள்ள, இதுல கிளட்சே கிடையாதாம். கியரும் கிடையாதாம்."

"அப்ப என்னதான் இருக்கு?"

"ஓடுறதுக்கு ஒண்ணு, நிக்கிறதுக்கு ஒண்ணு. ரெண்டு காலு இருந்தா போதும். ஒரு காலே போதுங்கிறாங்க."

"நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா?"

"வேன் எத்தனை தடவை நடு ரோட்டுல நின்னிருக்கு. அதுக்கு நீ ஒரு நாளாச்சும் கவலைப்பட்டியா?"

பட்டேன். அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விலை பெட்ரோல் காரைவிடக் கூடுதல்தான். ஆனால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. சத்தமே இல்லை. காலை எடுத்தால் தானாகவே வேகம் தணிகிறது. நான் பயந்து பயந்து காலை எடுக்கிறவள் என்பதால், யாரோ என்னை மனதில் வைத்தே செய்த வண்டி மாதிரி இருந்தது. திரையில் வருவது எல்லாம் இங்கிலீஷ். பச்சையாக ஒரு எழுத்து வந்தால் கிளம்பலாம், சிவப்பாக வந்தால் நிற்க வேண்டும் என்று ஷோரூம் தம்பியிடம் நிறத்தை வைத்துக் கேட்டுக்கொண்டேன். இன்றுவரை அந்த நிறங்களை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டால் சார்ஜர் விளக்கு சிவப்பு. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, காரில் குறை இல்லை, வீட்டு எர்த்துதான் சரியில்லை என்றார். மண்ணுக்குள் புதைத்திருக்கிற கம்பியைச் சுற்றி ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்ததாம். குழியைத் தோண்டி, உப்பும் கரியும் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றியதும் விளக்கு பச்சையானது. அன்று முதல் கோடைக்காலத்தில் வாரம் ஒரு குடம் அந்தக் குழிக்கு உண்டு. தெருவில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "கார் தண்ணில ஓடுதா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சத்தம் இல்லாததால் ரோட்டில் போகிறவர்களுக்கு நாம் வருவது தெரியாது. காய்கறி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் பேசிக்கொண்டு போகிற இரண்டு பேருக்குப் பின்னால் ஒருநாள் கால் மணி நேரம் ஊர்ந்திருக்கிறேன். ஹாரன் அடித்தால் பதறிவிடுவார்களே என்று கண்ணாடியை இறக்கி, "அக்கா, செத்த ஒதுங்கிக்கிருங்க" என்பேன். காரிலிருந்து பேச்சுக் குரல் வந்தால் இன்னும் அதிகமாகப் பதறுகிறார்கள்.

இப்படி டவுனுக்குள் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்களுக்கு வியாபாரம் சுருங்க ஆரம்பித்தது. பெட்டிக்கடை வரைக்கும் பாக்கெட் மாவு வந்து குளிர்பெட்டியில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் கடைகள் பாதிக்குப் பாதி ஆயின. ஒரு கிரைண்டர் துணி மூடிக் கிடந்தது. அப்போது குஜிலியம்பாறையில் டிபன் கடை வைத்திருக்கிற ஒரு அக்கா, யாரோ சொல்லி எங்களைக் கூப்பிட்டார். அவருக்குக் கை வலி, அரைக்க முடியவில்லை. தினம் ஆறு வாளி வேண்டும். அந்த ஒரு கடை கிடைத்தால் போதும், துணியை எடுத்துவிட்டு இரண்டாவது கிரைண்டரை ஓட்டலாம். கிடைக்காவிட்டால் அந்தக் கிரைண்டரை விற்க வேண்டியதுதான் என்று நாங்கள் இரண்டு பேருமே பேசாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

அக்கா போனில் தெளிவாகச் சொன்னார்.

"நாலு நா பாப்பேன். நாலு நாளும் மாவு நல்லா இருந்தா அப்புறம் நீதான். ஒருநா புளிச்சாலும் அத்தோட சரி. மூணு மணிக்கு வரணும். முன்னாடி வந்தா இறக்க எடமில்ல, பிந்தி வந்தா எனக்கு யாவாரம் இல்ல."

எங்கள் வீட்டிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். நான் அதுவரை ஓட்டிய அதிகபட்ச தூரம் ரெட்டியார்சத்திரம் போய்வந்ததுதான். முதல் இரண்டு நாளும் ஒரு குறையும் இல்லாமல் போய்வந்தேன். பின் சீட்டை மடக்கி ஆறு வாளியையும் மூடி போட்டு அடுக்கி, ஏசியைப் போட்டுக்கொண்டு போனால் மாவு ஏற்றின மாதிரியே போய்ச் சேர்ந்தது. அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்கு நான் வழி முழுக்கச் சந்தோசப்பட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள்தான் வினை.

அதற்கு முந்தின நாள் சாயந்திரம் மழை இல்லாமல் வெறும் இடி இடித்தது. காரில் இடி இறங்கிவிடும் என்று பயந்து, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. காலையில் பார்த்தால் அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பது மணியிலிருந்து சாயந்திரம் வரைக்கும் கரண்ட் இருக்காது. அதற்குள் மாவை அரைத்தாக வேண்டும். கிரைண்டரும் காரும் ஒரே நேரத்தில் போட்டால் எங்கள் வீட்டு ஒயர் தாங்காது. மாவை அரைத்தோம். காரில் அறுபத்தொன்று நின்றது.

"அறுபத்தொண்ணு போதுமாங்க?"

"முழு சார்ஜுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடுற வண்டி. அறுபத்தொண்ணுக்கு நூத்தி இருபது ஓடும். போக முப்பத்தெட்டு, வர முப்பத்தெட்டு. மிச்சத்துல நீ சாணார்பட்டிக்கே போயிட்டு வரலாம்."

"சாணார்பட்டில எனக்கென்ன வேலை?"

"வேலையில்ல. சார்ஜு இருக்குன்னு சொல்றேன்."

கணக்கு சரிதான். என் வயிறுதான் கணக்குக்குக் கட்டுப்படாதே. டவுனைத் தாண்டியதும் திரையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டுகிற எண்ணைப் பார்த்தேன். சும்மா ஒரு சோதனைக்காக ஏசியை அணைத்தேன். அந்த எண்ணில் சட்டென்று பன்னிரண்டு கூடியது. பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே கிடந்து எடுத்த மாதிரி இருந்தது. மறுபடியும் போட்டால் பன்னிரண்டு குறைகிறது. அணைத்தால் கூடுகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? அணைத்தபடியே விட்டுவிட்டேன். வெயில் உச்சியில் நின்றது. கண்ணாடியை இறக்கினேன், புழுதி வந்தது, ஏற்றிவிட்டேன். வியர்வை கழுத்தில் ஒழுகியது. அது எனக்குத்தானே என்று பொறுத்துக்கொண்டேன். பின்னால் விடிகாலையிலேயே அரைத்த மாவு, வழக்கத்தைவிடப் பல மணி நேரம் வயசானது, மூடிய காருக்குள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறது என்கிற நினைப்பு ஒரு துளிகூட வரவில்லை. பத்து வருசமாக மாவோடு புழங்குகிற எனக்கு.

எரியோடு தாண்டிக் கொஞ்ச தூரம். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் ஏதோ மோதிய மாதிரி. அடுத்து இன்னொரு 'டப்'.

வண்டியை ஓரம் கட்டி, கதவைத் திறந்து, ஒற்றைச் செருப்போடு எதிர்ப்பக்கத்துச் சோளக்காட்டு வரப்பு வரைக்கும் ஓடினேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். காரின் பின்கதவு இடுக்கில் வெள்ளையாக ஏதோ கசிந்து கீழே சொட்டியது. போனை எடுத்தேன்.

"ஏங்க, பேட்டரி வெடிச்சிருச்சுங்க."

"எங்க இருக்க?"

"எரியோடு தாண்டி. வண்டிய விட்டு எறங்கி ஓடியாந்துட்டேன். பின்னால ஒழுகுது. வெள்ளையா."

"வெள்ளையாவா?"

"நொரை நொரையா வருதுங்க."



"வாசம் ஏதும் வருதா?"

"நான் கிட்டப் போக மாட்டேன்."

"தள்ளி நின்னே மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். காற்று என் பக்கம்தான் அடித்தது. எனக்குத் தினமும் காலையில் எழுந்ததும் வருகிற அதே வாசம்.

"உளுந்து வாசம் வருது" என்றேன்.

"பேட்டரிக்குள்ள உளுந்து போடுறதா அந்த ஷோரூம் தம்பி சொல்லலையே."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அழ ஆரம்பித்ததும் அதுவும் நின்றது.

"ஏசி போட்டிருந்தியா?"

"இல்ல. சார்ஜ் போயிருமேன்னு."

"சரி. இப்ப வண்டிக்குப் போ. மூடி எல்லாத்தையும் தளத்தி விடு. ஏசியை நல்லா வச்சு அப்படியே செத்த நேரம் நில்லு. மாவு சூடு தணியட்டும்."

"நின்னுக்கிட்டு ஏசி போட்டா இருக்கிற சார்ஜும் போயிரும்ங்க. அப்புறம் நான் எப்படி வாரது?"

"எம்புட்டுப் போகுதுன்னு கண்ணால பாத்துக்கிட்டே இரு. இருவது நிமிசம். அப்புறம் எனக்குச் சொல்லு."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு வாளிகள் பொங்கி மூடியைத் தூக்கி எறிந்திருந்தன. மூன்றாவது வாளியின் மூடி பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி மேலே வந்து, எப்போது போகலாம் என்று காத்திருந்தது. என் சேலைத் தலைப்பால் முடிந்தவரை துடைத்தேன். ஏசியைப் போட்டேன். திரையில் ஐம்பத்தொன்று. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிசம், ஐம்பத்தொன்று. பத்து நிமிசம், ஐம்பத்தொன்று. திரை கெட்டுப்போய்விட்டதோ என்று அதற்கும் ஒரு கவலை. பதினெட்டாவது நிமிசம் ஐம்பது ஆனது. இருபது நிமிசம் முடிந்தபோதும் ஐம்பதுதான்.

இருபது நிமிசத்துக்கு ஒரே ஒரு எண். அதை மிச்சம் பிடிக்கப்போய் இரண்டு வாளி மாவைக் கொட்டியிருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

போனில் அவரிடம் சொன்னேன். "பாத்தியா" என்றார். பிறகு, "ரோடு மேடு பள்ளம், குலுங்கிக் கொட்டிருச்சுன்னு அந்தக்காகிட்ட சொல்லிரு" என்றார். நானும் கிளம்பும்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், எந்தப் பள்ளம் என்று கேட்டால் பள்ளத்தைத் தேட வேண்டும். இருக்கிற கவலையே போதும் என்று தோன்றியது.

மூன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அக்கா கடை வாசலிலேயே நின்றார். ஒல்லியான ஆள். அடுப்புச் சூட்டில் நின்று நின்று முகம் கறுத்துப்போனவர். என் சேலையையும் கன்னத்தையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னத்தா, மாவுல குளிச்சியா?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எண், பன்னிரண்டு, இடி, பிளக்கு, சோளக்காடு, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"கரண்ட்ட மிச்சம் பண்ண என் மாவப் பொங்க வச்சுட்ட."

"ஆமாக்கா."

வாளி வாளியாக விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் அவர் நாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது ஆகும். இதுவும் ஆகும். இது புளிப்பு, ஊத்தப்பத்துக்கு விட்டுக்கிறேன். இது பரவாயில்ல. இந்தப் பொங்கின ரெண்டும் எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போயிரு."

"சரிக்கா."

"நாலு நா பாப்பேன்னு சொன்னேன். மூணாம் நாளே காமிச்சிட்ட."

எனக்குத் துணி போட்டு மூடிய கிரைண்டர்தான் கண்ணுக்குள் வந்தது. அந்த இரண்டு வாளிகளையும் திரும்பக் காரில் வைக்கப் போனேன். ஏசியை அணைக்காமலே இறங்கியிருந்தேன். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குளிர்ந்த காற்று வெளியே வந்து, பின்னால் நின்ற அக்கா மேல் பட்டது.

"இதென்னத்தா, இம்புட்டுச் சில்லுன்னு வருது?"

"ஏசிக்கா."

"வண்டி நிக்கிதே. இஞ்சின் ஓடலையே."

"இதுல இஞ்சினே கிடையாதுக்கா. நின்னாலும் ஏசி ஓடும்."

"பொகை?"

"அதுவும் கிடையாது."

அக்கா குனிந்து காரின் பின்பக்க அடியில் பார்த்தார். குழாயைத் தேடினார் போலிருக்கிறது. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செத்த உக்காரவா?" என்றார். கேட்கும்போதே முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கதவைச் சாத்தினேன். நானும் இந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே கடைக்குள் எண்ணெய்ச் சட்டி புகைந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. காற்று வருகிற இடத்துக்கு நேராக முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் நாலு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றவர். இப்போதுதான் முதல் தடவையாக உட்கார்கிறார் என்பது அவர் தோள் இறங்குவதில் தெரிந்தது.

நான் பழக்கதோசத்தில் திரையைப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்னத்தா, கொறையுதா?"

"இல்லக்கா."

"கொறஞ்சா சொல்லு, எந்திரிச்சுக்கிறேன்."

"நீங்க உக்காருங்க."

பத்து நிமிசம் இருக்கும். யாரோ கடைக்கு வந்து, "அக்கா, ரெண்டு வடை" என்று கூப்பிட்டபோதுதான் எழுந்தார். கதவைத் திறந்து வெக்கையில் காலை வைத்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"நாளைக்குக் கொண்டு வா" என்றார். "நான் நாக்குல வச்சுப் பாக்க மாட்டேன். வாளியத் தொட்டுப் பாப்பேன். சில்லுன்னு இருந்தா இறக்கு. இல்லன்னா வண்டிய விட்டே நீ எறங்க வேண்டாம், அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிரு."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஏசியைப் போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் எர்த்துக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வாசலில் காத்திருந்தார். கரண்ட் வந்துவிட்டிருந்தது. இறங்குவதற்குள் பிளக்கைச் சொருகினார். மீந்த இரண்டு வாளி மாவில் அன்றும் மறுநாள் காலையும் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் பணியாரம். பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, "இதுவும் காருலதான் சுட்டியா?" என்றார்.

மறுநாள் மாவைக் கரைத்து ஏற்றுவதற்குக் கால் மணி முன்னாலேயே காரைத் தயாராக வைத்து ஏசியைப் போட்டுவிட்டேன். நின்ற இடத்திலேயே கார் குளிர்ந்தது. வாளிகளை அதற்குப் பிறகுதான் ஏற்றினேன். ஒவ்வொரு வாளியிலும் முக்காலுக்கு மேல் விடவில்லை. எரியோட்டைத் தாண்டும்போது எனக்குக் கைகள் விறைத்துப்போய், சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டேன். வெளியே சித்திரை வெயில் கானலாக ஓடியது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது கடை வாசலில் நிறுத்தினேன். சொன்னபடி இறங்கவில்லை. அக்கா வந்தார், பின்கதவைத் தூக்கினார். முதல் வாளியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. அடுத்த கையையும் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் அப்படியே கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

"இறக்கு" என்றார்.

ஆறு வாளிகளையும் நானே இறக்கினேன். கடைசி வாளியை உள்ளே வைத்துவிட்டு நிமிரும்போது, வடையைப் புரட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை கோயில்ல கூட்டம் வரும். ரெண்டு வாளி கூடப் போட்டுட்டு வா."